பதக்கம் குத்தும் பக்கம்

காலையிலேயே வந்துவிடுவார் என்று சொன்ன சிறப்பு விருந்தினர், மண்டபத்துக்குப் பின்னால் பன்றிக்கறி கொதிக்கும் வாசனை கிளம்பிய பிறகும் வரவில்லை. எழுபத்தொன்றில் கிழக்கு எல்லையில் சண்டை போட்டவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குச் சிறுநீர் அவசரம். எழுந்து போகிற நேரம் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று தொடையை இறுக்கிக்கொண்டிருந்தார்.

மேடைக்குக் கீழே போஜம்மா கேமராக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றாள். ‘கிரிதூதா’ நாளிதழுக்கு அவள்தான் ஒரே போட்டோகிராபர். கோணிக்கொப்பலில் கொடியேற்றினாலும் சரி, காபித் தோட்டத்தில் யானை புகுந்தாலும் சரி, அவளுடைய ஸ்கூட்டர் போய் நிற்கும். முன்வரிசையில் போரில் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கென்று தனி நாற்காலிகள். அங்கே அவள் அம்மாவும் இருந்தாள். அப்பாவின் பதக்கங்களை வலது மார்பில் குத்தியிருந்தாள். உயிரோடு இருப்பவன் தன் பதக்கத்தை இடது மார்பில் குத்துவான், இறந்தவனுடையதை அவன் வீட்டார் வலது மார்பில் குத்துவார்கள். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த குடகில் இதைக் குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒருவழியாக உத்தய்யா வந்தார். தோட்டக்காரர், காபி ஆலைக்காரர், வருகிற தேர்தலில் நிற்கப் போகிறவர். போன வருஷம் வந்த வாதத்தில் அவருடைய இடது கன்னமும் வாயோரமும் தொங்கிப்போயிருந்தன. வலது கன்னம் மட்டும்தான் படத்தில் விழ வேண்டும் என்பது முதலாளி பெள்ளியப்பா போஜம்மாவுக்குப் போட்டிருந்த நிரந்தர உத்தரவு. அவள் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் நகர்ந்தன.

சுபேதார் நாணய்யாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். கறுப்பு அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டுக் கச்சை, இடது மார்பில் பதக்க வரிசை. படியேறியதும் கைத்தடியை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் கைகூப்பி நின்றார். உத்தய்யா ஷாலை விரித்தார்.

“சார், ஷாலை அங்கயே நிறுத்துங்க. தோள்ல போட்டா மெடல் மறைஞ்சிடும்,” என்றாள் போஜம்மா.

“எவ்வளவு நேரம்மா இப்படித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது?” என்றார் உத்தய்யா.

“ஷாலுக்கே கை வலிச்சா எப்படி? நாங்க துப்பாக்கியைப் பிடிச்சுக்கிட்டு நின்னோமே!” என்றார் நாணய்யா.

மண்டபம் சிரித்தது. உத்தய்யாவும் பாதி வாயால் சிரித்தார். அந்தக் கணத்தை போஜம்மா பிடித்துவிட்டாள். நல்ல படம் என்று எடுக்கும்போதே தெரிந்தது.

மறுநாள் காலை பத்திரிகையை விரித்தாள். நாணய்யாவின் பதக்கங்கள் வலது மார்பில் இருந்தன.

முதல் பக்கத்தின் இடது மேல்மூலை உத்தய்யாவின் காபி விளம்பரத்துக்கு என்றைக்கோ எழுதிவைத்தது. அதனால் அவர் படம் எப்போதும் வலது ஓரத்தில்தான் வரும். ஓரத்தில் இருக்கிற முகம் பக்கத்துக்கு வெளியே பார்க்கக் கூடாது, உள்ளே பார்க்க வேண்டும் என்பது பெள்ளியப்பாவின் சட்டம். வலது கன்னத்தைக் காட்டி எடுத்தால் அவர் வெளியேதான் பார்ப்பார். ஆகவே பக்கம் அமைக்கிறவர் கண்ணாடியில் தெரிவதுபோலப் படத்தைத் திருப்பிவிடுவார். பின்னால் இருக்கும் பேனர் எழுத்தை வெட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ரிப்பன் வெட்டுவது, மரம் நடுவது என்று எத்தனையோ முறை இப்படித் திருப்பியாயிற்று. மரத்துக்கு இடது வலது கிடையாது.

சாயங்காலம் நாணய்யா அச்சகத்துக்கு வந்தார். பத்திரிகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

“எங்க அண்ணன் அந்தச் சண்டையில போய்ட்டான், தெரியுமா மகளே?”

“தெரியும் மாமா.”

“அண்ணன் மெடலைக் குத்திக்கிட்டுத் தம்பி ஷால் வாங்கறான்னு சாராயக் கடையில பேசறாங்க. பட்டாளத்தார் சங்கத்துல விளக்கம் கேக்கறாங்க. நேத்து பக்கத்துல உக்காந்திருந்தவனே, ‘சரியாப் பாக்கலைப்பா’ங்கறான்.” சுருட்டிய பத்திரிகையை மேஜைமேல் போட்டார். “நான் என்ன சண்டைக்கு வேடிக்கை பார்க்கவா போனேன்?”

அவள் கேமராவில் இருந்த படத்தைக் காட்டினாள். பதக்கங்கள் இடது மார்பில் பளிச்சென்று இருந்தன. அவர் வெகுநேரம் பார்த்தார்.

“இதைப் பிரிண்ட் போட்டுத் தர்றேன் மாமா. சங்கத்துல காட்டுங்க.”

“காட்டினேன்னு வை, ‘இப்ப எடுத்த போட்டோ’ம்பான். பேப்பர்ல போன மானம் பேப்பர்லதான் திரும்பணும்.”

அவர் போனதும் அவள் பெள்ளியப்பாவின் அறைக்குள் நுழைந்தாள். அவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஒரு வரி திருத்தம் போடுங்க சார். படம் திரும்பிடுச்சுன்னு.”

“போட்டா? ஏன் திருப்பினேம்பான். சார் மூஞ்சி ஏன் ஒரு பக்கமாவே வருதும்பான். தேர்தல் நேரத்துல சீக்காளின்னு ஊர் பேசணுமா? அந்த விளம்பரம் நின்னா பேப்பரும் நிக்கும்.”

“அப்ப சுபேதாரை மட்டும் தனியா ஒரு படம்…”

“உத்தய்யா இல்லாம அந்தாளு நின்னா அது என்ன செய்தி?” காபியை ஒரு மடக்குக் குடித்தார். “பொங்கலன்னிக்கு ராணுவ தின விழா இருக்குல்ல, அதுல சாரை விட்டு இன்னொரு தடவை கௌரவிச்சிடலாம். மெடலை வலப்பக்கம் குத்தச் சொல்லு. திருப்பினா இடப்பக்கம் வந்துடும். சல்யூட்டும் அடிக்கச் சொல்லு. பேப்பர்ல வலது கை சல்யூட் தெரிஞ்சா எவனும் வாயத் திறக்க மாட்டான்.”

போஜம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. “அப்ப அங்க நிக்கறப்போ இடது கையால அடிக்கணுமா?”

“ஒரு நிமிஷம்தானே.”

“உயிரோட இருக்கறவர் சார் அவர்.”

“யார் இல்லேங்கறா? பின்னாடி அந்த ரெண்டு ரூமையும் வாடகைக்குக் கேட்டு ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. உங்கம்மாவால படி ஏற முடியாதுன்னுதானே உனக்குக் குடுத்திருக்கேன்?” அன்பாகத்தான் சொன்னார்.

இந்த வேலை போனால் கூரையும் கூடவே போகும். அவள் வெளியே வந்தாள். தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

விழாவன்று மேடைக்குப் பின்னால் நாணய்யாவை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். கோபப்படுவார், எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். போய்விட்டால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பேப்பர்ல சரியா வந்துடுமா?”

“வந்துடும் மாமா.”

“சங்கத்துக்காரங்க பேப்பரைத்தான் பாப்பாங்க.” அவர் மார்பை நீட்டினார். “குத்து.”

அவள் விரல்கள் ஊசியைக் கழற்றி வலது மார்பில் குத்தின. செத்தவனின் பக்கம். அப்பாவின் பதக்கங்களை அம்மாவுக்குக் குத்திவிட்டுப் பழகிய விரல்கள்தாம் அவை.

மேடையில் உத்தய்யா ஷாலைத் தூக்கிப் பிடித்தார். நாணய்யாவின் இடது கை மேலே போனது. காதோரத்தை எட்டுவதற்குள் தடுமாறியது, எந்தப் பயிற்சி மைதானத்திலும் பழகாத கை. மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்து, பாதியில் அடங்கியது. பழைய பட்டாளத்தார் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“சார் கண்ணை மூடிட்டார்,” என்றாள் போஜம்மா. அதுதான் உண்மை. சொல்லாமல் விட முடியவில்லை.

“இன்னொண்ணு எடும்மா,” என்றார் உத்தய்யா.

இடது கை மறுபடி மேலே போனது. அவள் அழுத்தினாள். படம் சரியாக விழுந்தது.

அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். உத்தய்யா அவளைப் பார்த்து விரலைச் சொடுக்கினார், அவளால் கேமராவை இறக்க முடியவில்லை. நாணய்யா படியிறங்கி, பதக்க ஊசியைக் கழற்றப் பார்த்தார். குளிரில் விறைத்த விரலுக்கு அது அகப்படவில்லை. சங்கத்துப் பேட்ஜ் போட்ட தொண்டர் ஒருவர் ஓடிவந்து அவர் மார்பைப் பார்த்தார். எந்தப் பக்கம் என்று பார்த்ததும் முகத்தில் பரிவு வந்தது.

“உங்க இடம் பின்னாடி இல்லைங்கய்யா. இங்க வாங்க,” என்று முழங்கையைப் பிடித்து, இறந்தவர்களின் குடும்பத்தார் இருந்த முன்வரிசைக்கு அழைத்துப்போனார்.

நாணய்யா வாயைத் திறந்தார். மேடையில் கைதட்டல் எழுந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் அவர் நடந்தார்.

அங்கே உட்கார்ந்திருந்த போஜம்மாவின் அம்மா அவருடைய மார்பைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.