இரவல் பெயர்

காலை எட்டரை மணிக்குக் காலேஜ் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டிய மனுசன் வீட்டு வாசலில் வந்து நின்றால் எந்தப் பெண்டாட்டியும் பயப்படத்தான் செய்வாள். தமிழ்ச்செல்வி தறிக்கூடத்துக்கு நூல் தார் சுற்றப் போகும் அவசரத்தில் தூக்குப்போசியில் சோற்றை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?"

கலையரசன் உள்ளே வந்தான். செருப்பை விட்டான். காக்கிச் சட்டையைக் கழற்றினான். அதை மடித்துக் கட்டில் மேல் வைத்த விதத்திலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"சாவியை வாங்கிட்டாங்க புள்ள."

"எதுக்கு?"

"நான் மனசு சரியில்லாதவனாமா. சேலத்துல மாசாமாசம் வைத்தியம் பாக்குறனாமா. ஒரு பஸ் புள்ளைங்க உசுரை என்னை நம்பிக் குடுக்க முடியாதுன்னு பாலசுந்தரம் சார் சொல்லிப்போட்டாரு."

பாலசுந்தரம் என்பவர் அந்தக் காலேஜில் பஸ்களுக்கெல்லாம் மேலாளர். அவர் சொன்னால் சொன்னதுதான். தமிழ்ச்செல்விக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இந்த மனுசனுக்கா? படுத்த மறுநிமிடம் குறட்டை விடுகிறவனுக்கா? சிரித்த வாய் மூடுவதற்குள் அந்தச் சீட்டு ஞாபகத்துக்கு வந்தது. தூக்குப்போசியை அப்படியே கீழே வைத்தாள்.

கலையரசன் காலேஜுக்குப் போவதற்கு முன்னால் நாலு வருசம் அருணகிரியிடம் கார் ஓட்டினான். திருச்செங்கோட்டில் இரண்டு ரிக் லாரி வைத்து ஆந்திரா, சத்தீஸ்கர் என்று போர்வெல் போடுகிறவர் அருணகிரி. அவருக்கு ஒரே மகன் கௌதமன், பெங்களூரில் வேலையில் இருந்தான். போன வருசம் திடீரென்று ஊருக்கு வந்தவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குளிக்கவில்லை, தூங்கவில்லை, எதற்காக உயிரோடு இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டான். கயிறு கட்டினார்கள், கோழி அறுத்தார்கள், எவனோ ஒருத்தன் வந்து வேப்பங்குலையால் முகத்தில் அடித்துவிட்டுப் போனான். எல்லாம் முடிந்த பிறகுதான் சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் போனார்கள்.

அங்கே சீட்டுப் போடுகிற பெண் பெயரைக் கேட்டபோது அருணகிரி ஒரு நொடி யோசித்தார். பின்னால் கார் சாவியோடு நின்றிருந்த டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். "கலையரசன், திருச்செங்கோடு" என்றார். வயசு மட்டும் மகனுடையது. பெயர் டிரைவருடையது. மகனுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே!

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது கலையரசன் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. "பேருதானே புள்ள, தேஞ்சா போயிரும்? முதலாளி நம்மளை எம்புட்டு நம்புறாரு பாரு." தமிழ்ச்செல்வியும் அன்றைக்குத் தலையாட்டினாள். முதலாளிமார் வேலைக்காரனிடம் எதையும் கேட்டு வாங்குவதில்லை, எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டதற்கு நாம் பூரித்துப்போவோம். இந்தக் கண்றாவிப் பழக்கம் அவர்கள் இரண்டு பேருக்கும் ரத்தத்திலேயே ஊறிக் கிடந்தது.

"பாலசுந்தரம் சாருக்கு ஆரு சொன்னதாமா?" என்று கேட்டாள்.

"ஆரும் சொல்லலை. அவரே பாத்தாராமா. அந்த ஆஸ்பத்திரி மருந்துக் கடை மேசை மேல என்ற பேர் போட்ட சீட்டு கெடந்துச்சாமா. பேரு, ஊரு எல்லாம் அச்சா இருந்துச்சுங்குறாரு."

"அவருக்கு அங்க என்ன சோலி?"

"பெரிய மனுசங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும். நாம கேக்க முடியுமா?"

ஹெவி லைசென்ஸ் எடுத்து, ஆறு மாதம் அலைந்து கிடைத்த வேலை அது. காலேஜ்காரர்களின் பள்ளிக்கூடத்திலேயே மகள் கனிஷ்காவுக்கு வருகிற ஜூனில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். குழந்தை அந்தப் பள்ளிக்கூடத்து டையை இப்போதே கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தது.

சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டுச் சின்னாயி பாலசுந்தரம் வீட்டில்தான் பாத்திரம் கழுவுகிறாள். கேஸ் சிலிண்டர் மாற்றுவதென்றால் எப்போதும் "கலையு, ஒரு கை புடி சாமி" என்று கூப்பிடுகிறவள், அன்றைக்கு எதிர்வீட்டு ஆளைக் கூப்பிட்டாள். கலையரசன் வாசலில் சும்மா உட்கார்ந்தால், "பாரு, பித்துப்பிடிச்ச மாதிரி உக்காந்திருக்கான்" என்றார்கள். எழுந்து நடந்தால், "ஒரு இடத்துல நிலைகொள்ள மாட்டேங்குறான்" என்றார்கள். நேற்றுவரை இதே வாசலில் இதே மாதிரிதான் உட்கார்ந்தான். எட்டிப் பார்க்கிற ஒவ்வொரு மூஞ்சியையும் பார்க்கப் பார்க்க அவளுக்குக் குமட்டியது.

"கிளம்புங்க. முதலாளி ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லச் சொல்லிக் கேப்போம்" என்று புருசனை எழுப்பினாள்.

அருணகிரி கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து கச்சாயம் தின்றுகொண்டிருந்தார். மகனுக்குப் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுப் பெண்ணைப் பேசியிருந்தார்கள். அந்தச் சந்தோசத்தில் வீட்டில் பலகாரம். இவர்கள் நின்றுகொண்டே விசயத்தைச் சொன்னார்கள். அவர் தின்றுகொண்டே கேட்டார்.

"இதுக்கா இப்புடி மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வந்தீங்க? பாலசுந்தரம் நமக்கு வேண்டியவருதான். இரு, இப்பவே பேசறேன்."

தமிழ்ச்செல்விக்கு உயிர் வந்தது. எவ்வளவு நல்ல மனுசன் என்று நினைத்தாள். அவர் எண்ணெய் விரலாலேயே போனைத் தேய்த்து, ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார்.

"பாலசுந்தரம்ங்களா? அருணகிரி பேசறேனுங்க. நம்ம கலையரசன் விசயம். ஆமாங்க... ஆமாங்க, நீங்க பார்த்தது நெசந்தானுங்க. பாவம், நல்ல பையன். அப்பப்பக் கொஞ்சம் கழண்டுக்கும், அம்புட்டுத்தான். நாந்தான் மனசு கேக்காம வைத்தியம் பாத்துட்டிருக்கேன். பஸ்ஸெல்லாம் வேண்டாமுங்க, புள்ளைங்க விசயம் பாருங்க. வேறெதாச்சும் தோட்ட வேலை இருந்தாக் குடுங்க."

"உங்களுக்கு நெம்பப் பெரிய மனசுங்க" என்றது போன்.

அருணகிரி போனை அணைத்துவிட்டு அடுத்த கச்சாயத்தை எடுத்தார். விரலை ஒவ்வொன்றாக வாயில் விட்டுச் சப்பினார். தமிழ்ச்செல்வி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாந்தி தொண்டைவரை வந்தது.

"என்னை என்ன பண்ணச் சொல்றே கலையு? பொண்ணு ஊட்டுக்காரங்க ஊரெல்லாம் விசாரிக்க ஆள் உட்டிருக்காங்க. இந்த நேரத்துல அந்தச் சீட்டு என்ற மகனுதுன்னு சொல்ல முடியுமா? நீ பழையபடி நம்ம காரையே ஓட்டு. உன்னை உட்ருவனா?"

கலையரசன் தலையைக் குனிந்து, "சரிங்க முதலாளி" என்றான்.

அந்தச் "சரிங்க"தான் அவளைக் கிளப்பிவிட்டது. புருசன் கையைப் பிடித்து இழுத்ததைத் தட்டிவிட்டாள்.

"என்ன சரிங்க? பைத்தியம் உங்க ஊட்டுல இருந்தா எங்க தலைல கட்டுவீங்களா? என்ற ஊட்டுக்காரருக்கு ஒண்ணும் கழண்டுக்கலை. அந்தக் கருமம் புடிச்ச சீக்கு எங்க பரம்பரைக்கே கெடையாது. அந்த அசிங்கத்தை எங்க மேல பூசாதீங்க!"

கத்தி முடித்த பிறகுதான் மாடிப்படியைப் பார்த்தாள். கௌதமன் பாதிப் படியில் நின்றிருந்தான். குளித்து, தலை சீவி, வெளுத்த சட்டை போட்டு, வேலைக்குப் போகிற எந்தப் பையனையும் போல இருந்தான். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்குக் கேட்டிருந்தது.

தமிழ்ச்செல்விக்கு ஒரு டம்ளர் ஞாபகம் வந்தது. ஒருநாள் கலையரசனைக் கூட்டிப்போக வந்த கௌதமன் அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தான். அவன் போன பிறகு அந்த டம்ளரை மூன்று தரம் தேய்த்துக் கழுவினாள். அப்படியும் மனசு ஒப்பாமல் பரணில் தூக்கிப் போட்டாள். குழந்தை அதில் குடித்துவிடக் கூடாதாம். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அருணகிரியின் எச்சில் விரலைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது தன் மேலேயே வந்தது.

கௌதமன் இறங்கி வந்தான். அப்பாவைப் பார்க்கவில்லை. "நாளைக்கு எனக்கு டாக்டர்கிட்டப் போற நாளுங்கக்கா. பேரை மாத்தி எழுதச் சொல்லிக் கேட்டு, ஒரு கடுதாசியும் வாங்கித் தாரேன். காலேஜ்ல காட்டுங்க. கூட வாரீங்களா?"

"டேய், பேர் கெட்டுப் போயிரும்டா!" என்று அருணகிரி எழுந்தார். மடியில் இருந்த தட்டு கவிழ்ந்து கச்சாயம் தரையெல்லாம் உருண்டது.

"ஆரு பேருங்கப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவன் மேலே போய்விட்டான்.

மறுநாள் சேலம் பஸ்ஸில் தமிழ்ச்செல்வியும் கௌதமனும் அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் சங்ககிரி தாண்டியது. அப்புறம், "தம்பி, நேத்து நான் பேசுனது..." என்று ஆரம்பித்தாள்.

"உடுங்கக்கா. எங்கம்மாவே என்ற தட்டைத் தனியாத்தான் வெச்சிருக்காங்க" என்றான். அவன் அதைச் சும்மா சொன்னான். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். பெரிய மனுசர்கள் எல்லாம் முகக்கவசம் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சீட்டுப் போடும் பெண்ணிடம் கௌதமன் குனிந்து கிசுகிசுக்கவில்லை. "இத்தனை நாளா வேற ஒருத்தர் பேர்ல இருக்குதுங்க. என் பேரு கௌதமன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

அந்தப் பெண் ஆச்சரியப்படவே இல்லை. "வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் இப்படி வராங்க. அடையாள அட்டை இருந்தாக் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

தமிழ்ச்செல்வி பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள். உள்ளே இருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "சின்னாயி! திருச்செங்கோடு சின்னாயி!" என்று கூப்பிட்டாள்.

ஐயோ, நம்ம சின்னாயிக்கு என்ன வந்தது என்று தமிழ்ச்செல்வி பதறிப்போய் நாலா பக்கமும் பார்த்தாள். சின்னாயியைக் காணோம். மூலையில் ஒரு பெண் எழுந்தாள். மடிப்புக் கலையாத பட்டுப் புடவை, கையில் தங்க வளையல், கண்ணைச் சுற்றிக் கருவளையம். நடக்கத் தடுமாறியவளை முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். கவசம் போட்டால் மட்டும் ஆளைத் தெரியாதா? பாலசுந்தரம்.

அவருக்கு இங்கே என்ன சோலி என்று நேற்றுக் கேட்டாளே, இதுதான் சோலி. தன் பெண்டாட்டிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில்தான் கலையரசன் பெயரைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் போய் ஒரு டிரைவரின் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறார். தன் வீட்டுக்குப் பாத்திரம் கழுவுகிறவளின் பெயரை எடுத்துப் பெண்டாட்டிக்கு மாட்டிவிட்ட அதே மனுசன். தூ! என்ன பிறவிகள் இவர்கள்?

தமிழ்ச்செல்வி எழுந்து போய் எதிரில் நின்றாள்.

பாலசுந்தரம் அவளை அடையாளம் கண்டுகொண்டார். பெண்டாட்டியை விட்டுவிட்டு இவளை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏம்மா, நீ கலையரசன் சம்சாரம் இல்ல? இங்க பாரு, ஆபீஸ்ல ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம். நாளைக்கே அவனை டூட்டிக்கு வரச் சொல்லு. உம் புள்ளைக்கு இடமும் உண்டு. நீ பாத்ததை மட்டும்..."

நேற்று முழுக்க எந்த வேலைக்காக அழுதாளோ அந்த வேலை இப்போது கையில் வந்து விழுந்தது. வாயை மூடினால் போதும். கனிஷ்காவின் டை ஒரு நொடி கண்ணில் ஆடியது. சின்னாயியும் கண்ணில் வந்தாள். நாளைக்கு இன்னொருவன் அவள் பெயர் போட்ட சீட்டைப் பார்ப்பான். எந்த வீட்டிலும் அவளைப் பாத்திரம் தொட விடமாட்டார்கள்.

"டூட்டிக்கு வருவாருங்க சார். இந்தத் தம்பி வாங்கித் தர்ற கடுதாசியோட வருவாரு. நான் வாயை மூடறதுக்காக நீங்க வேலை தர வேண்டாம்."

சொல்லிவிட்டு, நடுவழியில் தனியாக நின்றிருந்த அந்த அம்மாவிடம் போனாள். அவள் கையைப் பிடிக்கையில் தமிழ்ச்செல்விக்கு டம்ளர் ஒரு தரம் ஞாபகம் வந்துபோனது. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க பேரு என்னங்க?"

அந்த அம்மா புருசனைப் பார்த்தாள். கூடத்தில் இருந்த முகங்களைப் பார்த்தாள்.

"கமலவேணிங்க."

"அதைச் சொல்லிடலாமுங்களா? சின்னாயி பாவமுங்க."

"சொல்லிடலாம் கண்ணு" என்று கமலவேணி தானே சீட்டுப் போடும் இடத்தைப் பார்த்து நடந்தாள். கௌதமன் தள்ளி நின்று அவளுக்கு வழி விட்டான்.

பாலசுந்தரம் கூட வரவில்லை. மெல்ல நகர்ந்து, அவள் யார் வீட்டுப் பெண்ணோ என்பதுபோலத் தூணுக்கு அந்தப் பக்கம் போய்ப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். தமிழ்ச்செல்விக்கு வாய் நிறைய எச்சில் ஊறியது. இங்கே துப்பாதீர்கள் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். விழுங்கிக்கொண்டாள்.