தொட்டால் ஏறும் எண்

தூக்கத்திலும் இந்தக் கை நனைந்த துணி மாதிரிதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தலையில் அடிபட்டு, பதினெட்டு நாளாக நினைவில்லாமல் கிடக்கும் கணவனின் கை. விபத்துக்கு ஏழு மாதம் முன்பே அவனை விட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டவள் அவள். தன் கன்னத்தில் எத்தனையோ தடவை இறங்கிய கையைத்தான் இப்போது பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க அண்ணி, ஏறுது," என்றாள் நாத்தனார், கட்டிலுக்கு மேலிருந்த திரையைக் காட்டி.

நூற்றிருபதில் இருந்த ரத்த அழுத்தம் நூற்றெழுபதுக்குப் போயிற்று. அவன் முகம் சிவந்து, கழுத்து வியர்த்து, கடைவாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எம்புள்ளைக்கு உன்ன அடையாளம் தெரியுது," என்றாள் மாமியார். "மனசுல ஆசை இல்லாமலா துடிக்கிறான்? விவாகரத்து கேஸை வாபஸ் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடும்மா."

இதைக் கேட்டபடியே சளி உறிஞ்சும் குழாயோடு நர்ஸ் வர, அவள் கணவனின் கையை விட்டாள். குழாய் தொண்டைக்குள் இறங்கியதும் எண் நூற்றுத் தொண்ணூறைத் தொட்டது.

"நான் தொட்டா இன்னும் அதிகமா ஏறுது. என்னையும் இவருக்குக் கட்டி வச்சிடுவீங்களா?" என்றாள் நர்ஸ், குழாயை வெளியே இழுத்தபடி. பிறகு குரலைத் தணித்தாள். "நரம்பையெல்லாம் அடக்கி வைக்கிற மூளையில அடிபட்டிருக்கும்மா. பிடி விட்டுப்போச்சு. தொட்டாலும் சரி, புரட்டிப் போட்டாலும் சரி, நரம்பு பாட்டுக்கு ரத்தக் குழாயை இறுக்கும். இதுல ஆசையும் இல்ல, கோபமும் இல்ல. அடிக்கடி ஏறினா அவருக்குத்தான் கெடுதல்."

அவள் தலை குனிந்தாள். முதல் நாள் எண் ஏறியபோது உள்ளுக்குள் ஒரு சின்ன பூரிப்பு எழுந்தது உண்மை. நினைவு தப்பியும் நான் இல்லாமல் இவனால் முடியவில்லை என்ற பூரிப்பு. அதற்காகத்தான் தினமும் பஸ் ஏறி வந்தாளா? அவன் எச்சிலைவிட அந்த நினைப்புதான் அவளுக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

நர்ஸ் போனதும் மாமியார் நாற்காலியை நெருக்கிப் போட்டாள்.

"அவ சின்னப் பொண்ணு, என்ன தெரியும் அவளுக்கு? மாமா படியேறி வந்துக்கிட்டிருக்கார். இது ஏறுறத அவரும் ஒரு தடவை கண்ணால பாத்துட்டா நிம்மதியா இருப்பார். மறுபடி கையைப் பிடிம்மா."

அவள் தன் கையைப் புடவையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அத்தை," என்றாள்.