ஓடாத வண்டி

மெக்கானிக் முதல் ஜப்பான் வண்டியின் மீட்டரைப் பின்னால் திருப்பிய மறுநாள் காலை, அவருடைய மனைவியின் பாதங்கள் நாற்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர் தேய்ந்திருந்தன. முந்தைய நாள் அவள் நடந்ததெல்லாம் தையல் மெஷினிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து குளியலறைக்கும்தான். படுக்கையிலிருந்து எழுந்து காலைத் தரையில் ஊன்றியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குதிகால் தோல் காகிதம் மாதிரி ஆகியிருந்தது, விரல் நுனிகள் மழுங்கியிருந்தன. டாக்டர் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று கேட்டார். சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்தார், இல்லை. ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அவர் எதற்கும் அந்தக் களிம்பைத்தான் எழுதுவார்.

துறைமுகத்துக்கு வரும் பழைய ஜப்பான் மோட்டார் பைக்குகளை வாங்கி விற்பதில் மெக்கானிக் அப்போதுதான் இறங்கியிருந்தார். எல்லா வண்டிகளும் அல்ல. நானூறு சிசி, நான்கு சிலிண்டர், உடம்பு முழுக்கக் காற்றைக் கிழிக்கும் ஃபேரிங் மூடி போட்டு, டேங்க்மேல் கவிழ்ந்து படுத்து ஓட்டுகிற ரேஸ் ஜாதி. கம்பெனியே அவற்றைச் செய்வதை நிறுத்தி முப்பது வருடம் ஆகிவிட்டது. மரப்பெட்டியில், எண்ணெய்த் தாள் சுற்றி, கூடவே ஓர் ஏலத் தாளோடு வரும். தாளில் எழுத்தெல்லாம் ஜப்பானியம். மெக்கானிக்குக்குப் புரிந்தது எண்களும், வண்டியின் கோட்டுப் படத்தில் சிவப்புப் பென்சிலால் போட்டிருக்கும் குறிகளும் மட்டும்தான். வாங்க வருகிறவர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள், படிக்கிற காலத்தில் அந்த வண்டியின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்தவர்கள். வாஷிங் மெஷின் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள். இன்ஜினை முடுக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பார்கள், ஒருவர் அழுதேவிட்டார். ஆனால் கண்ணைத் திறந்ததும் எல்லாரும் பார்ப்பது மீட்டரைத்தான். ரொம்ப ஓடியிருக்கே என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இந்த வியாபாரத்தில் ஓடாத வண்டிக்குத்தான் மதிப்பு. ஓடுவதற்கென்றே செய்த ஒன்றை, ஓடாமல் இருந்ததற்காக மெச்சுகிற கூட்டம் அது.

அதனால் மெக்கானிக் ஓடியதை ஓடாததாக்கினார். அந்தக் காலத்து மீட்டரில் எண் எழுதிய சின்னச் சக்கரங்கள் வரிசையாக இருக்கும். கண்ணாடியைக் கழற்றி, நடுவே மெல்லிய ஊசியை விட்டுப் பல்லை நெம்பினால் வேண்டிய எண் வந்து நிற்கும். பட்டறைச் சாமான் எதுவும் அந்த இடுக்கில் நுழையவில்லை. மனைவியின் தையல் மெஷினிலிருந்து ஊசியைக் கழற்றிக்கொண்டு போனார், வேலை முடிந்ததும் பழையபடி மாட்டிவிட்டார். நாற்பத்தாறாயிரம் நாலாயிரம் ஆனது. வண்டியிலிருந்து பிடுங்கிய தூரம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும், அது ஊசிக்காரியிடம் போனது.

இரண்டாவது வண்டிக்கு முழங்கால்கள் போயின. மூன்றாவது வண்டிக்கு, பகல் முழுக்க எதிர்காற்றில் போனவள்போல் கண்கள் சிவந்து நீர் வழிந்தன. தைத்துக்கொண்டிருக்கும்போதே, பச்சைப் பாலம் ஒன்று, சுங்கச் சாவடியில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர், பனி மூடிய சரிவு என்று பார்த்ததையெல்லாம் சொன்னாள். மெக்கானிக் அசதி என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள், அந்த அம்மா ஓடாத் தேஞ்சுபோச்சு என்று பரிதாபப்பட்டார்கள். எவ்வளவு சரியாகச் சொல்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான்காவது, சிவப்பு வண்டி. மீட்டர் அறுபத்தோராயிரத்து முந்நூற்றுப் பதினேழைத் தாண்டி நின்றிருந்தது. கடைசிச் சக்கரத்தில் ஏழு முழுதாகப் போகவில்லை, எட்டு முழுதாக வரவில்லை. ஏலத் தாளின் படத்தில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்மேல் சிவப்புப் பென்சில் நாலு முறை அழுத்திக் கிறுக்கியிருந்தது. பென்சில் அப்படிக் கிறுக்கினால் முன்னால் மோதிய வண்டி என்று அர்த்தம், அது இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். மெக்கானிக் தாளைக் கிழித்தார், ஃபோர்க்கை நிமிர்த்தினார், ஃபேரிங் விரிசலைப் பூசிப் பெயின்ட் அடித்தார், மீட்டரை நானூற்றுப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தார். ஷோரூமிலிருந்து இறங்கிய அன்றே யாரோ மூடிவைத்த வண்டி என்று சொல்லி ஒரு பல் டாக்டரிடம் விற்றார். மறுநாள் காலை மனைவியால் எழுந்திருக்கவே முடியவில்லை.

"மலைக்குள்ள ஒரு சுரங்கப்பாதைங்க. வெளிய வந்ததும் ரோட்டோரமா வெள்ளைக் கம்பம், நூறு மீட்டருக்கு ஒண்ணு. மூணாவது வளைவுல தடுப்புக் கம்பி, அதுக்கு அந்தப் பக்கம் கடல். அதுக்கப்புறம் ரோடு இல்ல" என்றாள்.

கிழித்த தாளைப் பற்றியும், நிமிர்த்திய ஃபோர்க்கைப் பற்றியும், ஊசியைப் பற்றியும் அப்போதுதான் மெக்கானிக் அவளிடம் சொன்னார். அவள், "ஓடாத வண்டி ஓடாத வண்டின்னு வித்தீங்களே, ஓடினது யாருங்க?" என்று கேட்டாள்.

பிடுங்கியதைத் திருப்பி வைத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. இலவசமாகச் சர்வீஸ் செய்து தருகிறேன் என்று முதல் மூன்று வண்டிக்காரர்களையும் பட்டறைக்கு வரவழைத்தார். இலவசம் என்றதும் மூவரும் ஒரே வாரத்தில் வந்தார்கள். அதே ஊசியால் சக்கரங்களை முன்னால் தள்ளினார். பச்சைப் பாலம் மறைந்தது, கண் தெளிந்தது, முழங்கால் மடங்கியது. வீட்டுக்குப் போய் மீட்டரைப் பார்த்தவர்கள் திரும்பி வந்து கத்தினார்கள். மெக்கானிக் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார், அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் மீட்டர்காரர்.

பல் டாக்டர் சிவப்பு வண்டியை ஒரு நாள்கூட ஓட்டவில்லை. கிளினிக் கூடத்தில் கண்ணாடி அறை கட்டி நிறுத்தியிருந்தார். கன்னம் வீங்கிய நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மெக்கானிக் நேரே போய் மீட்டர் பொய் என்றார். டாக்டர் கையுறையைக் கழற்றாமலே சிரித்தார். "கட்டுப்பல் கட்டறவன்யா நான். எது நெஜம்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வாங்கினேன். அந்த நம்பர் அப்படியே இருக்கட்டும், அதுல கை வச்சிராதீங்க."

மூன்று வாரம் கழித்து, டேங்கில் கிடக்கும் பெட்ரோல் கெட்டுப்போகும், இறக்கிவிடுகிறேன் என்று சொல்லி மெக்கானிக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தார். உள்ளே யாருக்கோ பல் குடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் இருக்கும்வரை நேரம் இருக்கிறது என்பது அவர் கணக்கு. பத்தாயிரம், இருபதாயிரம் என்று ஏற்றினார். வீட்டில் அதே நேரத்தில் மனைவியின் பாதங்களில் புதுத்தோல் படர்ந்துகொண்டிருந்தது. அறுபத்தோராயிரம், முந்நூறு, பதினேழு. கடைசிச் சக்கரத்தில் ஊசியை விட்டபோது குடையும் சத்தம் நின்றது, கதவு திறந்தது, டாக்டர் போட்ட கூச்சலில் மெக்கானிக்கின் கை உதறியது. ஊசி சக்கரத்துக்குள்ளேயே ஒடிந்தது.

காலில் புதுத்தோல் வந்த சந்தோஷத்தில் அவள் கணவரைத் தேடித் தெருவில் ஓடியே வந்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படி ஓடியதில்லை என்று தெருவில் சொல்கிறார்கள். முனையில் அவரைப் பார்த்ததும் சட்டென்று நின்றாள். சுரங்கப்பாதையும் அதற்கு முந்தைய ரோடும் அவளைவிட்டுப் போயிருந்தன, ஆனால் வெள்ளைக் கம்பங்கள் மட்டும் அப்படியே இருந்தன. அதுவரை அசையாமல் நின்றவற்றில் நான்கு, ஓடிவந்த ஓட்டத்தில் பின்னால் போயிருந்தன. ஜப்பானில் அந்தச் சிவப்பு வண்டியை ஓட்டியவன் முடிக்காத ஒரு கிலோமீட்டர், முடிக்க ஆளில்லாமல் அவளிடம் தங்கிவிட்டிருந்தது. நடந்தால் தீரும். தீர்ந்தால் தடுப்புக் கம்பி.

மெக்கானிக் அங்கேயே அவளைத் தூக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அவளைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். சக்கர நாற்காலி வாங்கிப் பார்த்தார், அது உருண்ட இருபது மீட்டரும் கழிந்தது. சக்கரம் எதுவானாலும் அந்த ரோடு ஏற்றுக்கொண்டது, மனிதனின் முதுகை மட்டும் ஏனோ ஏற்றுக்கொள்ளவில்லை. காலையில் முதுகில் ஏற்றி மெஷினுக்குக் கொண்டுவருவார், மத்தியானம் சமையலறைக்கு, சாயங்காலம் வாசலுக்கு. அவள் முதுகிலிருந்தபடியே குழம்பைக் கிளறுவாள், "கொஞ்சம் குனிங்க, உப்பு எடுக்கணும்" என்பாள். முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் பிறகு தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அவள் அம்மா செத்தபோது கடைசியாகக் காலைத் தொட எட்டு மீட்டர் நடந்தாள். அடுப்பில் துணி பற்றிக்கொண்ட அன்று பன்னிரண்டு. கோபத்தில் ஒருமுறை, என்னை இறக்கி விடுங்க, நான் எங்கயாவது போறேன் என்று இறங்கி முப்பது மீட்டர் போய்விட்டாள். மெக்கானிக் பின்னாலேயே போய்த் தெருவில் மண்டியிட்டார். அவள் அழுதுகொண்டே முதுகில் ஏறிக்கொண்டாள். இப்படி அவசரத்துக்கு வைத்த ஒவ்வோர் அடிக்கும் கம்பங்கள் குறைந்துகொண்டே வந்தன.

சிவப்பு வண்டி அப்போது ஊரில் இல்லை. ஓடின வண்டியை யாரு கண்ணாடிக்குள்ள வைப்பாங்க என்று பல் டாக்டர் அந்த வாரமே, மெக்கானிக்குக்குத் தெரியாமல், தள்ளிவிட்டிருந்தார். அது கைமாறி, கப்பலேறி, எங்கோ போய்விட்டது. மெக்கானிக் தினமும் காலையில் விற்பனை விளம்பரங்களைப் படித்தார். தெரிந்த துறைமுகங்களுக்கெல்லாம் சேஸிஸ் எண்ணை எழுதிப் போட்டார். ஒரே மாதிரி சிவப்பு வண்டிகளுக்காக ஐந்து ஊர் அலைந்து ஐந்திலும் ஏமாந்தார். எங்கே போனாலும் ஒரே கேள்விதான் கேட்டார், மீட்டரில் கடைசி எண் ஏழா எட்டா. விற்கிறவர்கள் அவரைக் கிறுக்கன் என்றார்கள். எவ்வளவு ஓடியிருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லி வாங்க வருகிறவரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் வருடம் ஒரு விளம்பரப் படத்தில், நிமிர்த்திய ஃபோர்க்கில் தன் சுத்தியலின் தழும்பை அவர் அடையாளம் கண்டார். மீட்டர் வேலை செய்யாது என்று எழுதியிருந்தது. வாங்கினார். பெட்டி ஒரு வியாழக்கிழமை முற்பகல் வந்து பட்டறையில் இறங்கியது. கொண்டுவந்தவர்கள் போன பிறகு, பொறுக்கமாட்டாமல், துணைக்கு யாரையும் கூப்பிடாமல் தானே ஆணிகளைப் பிடுங்கினார். அப்போது அவருக்கு அறுபது வயது, பன்னிரண்டு வருடம் ஒருத்தியைச் சுமந்த முதுகு. கட்டு அறுந்ததும் வண்டி அவர்மேல் சாய்ந்தது. தரையில் மல்லாந்தவரின் நெஞ்சின்மேல் டேங்கும், ஒரு கையின்மேல் ஹேண்டில்பாரும் கிடந்தன. மீட்டர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. கடைசிச் சக்கரத்தில் ஒடிந்த ஊசியின் முனை மினுங்குவதுகூடத் தெரிந்தது, கைதான் எட்டவில்லை. அவர் போட்ட சத்தம் தையல் மெஷின்வரை கேட்டது.

மெஷினிலிருந்து பட்டறை முப்பத்தோரு மீட்டர். கடைசிக் கம்பம் எப்போதோ போய்விட்டது, அவளிடம் மிச்சம் முப்பத்திரண்டு மீட்டர். அவள் முதலில் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள். வேலை நாள், தெருவே காலி. பட்டறைக்குள் அவர் மூச்சுக்குத் திணறுவது கேட்டது. அவள் தரையில் காலை ஊன்றினாள். கொலுசுச் சத்தம் சமையலறையைத் தாண்டியபோது மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது.

"வராத! நான் பாத்துக்கறேன், வராத!" என்று இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

"இருக்குங்க. உங்ககிட்ட வர்ற அளவுக்கு இருக்கு."

வந்துவிட்டாள். அறுபதாயிரம் கிலோமீட்டரை உடம்பில் தாங்கியவளுக்கு நூற்றறுபது கிலோ வண்டி ஒன்றும் பெரிதாக இருக்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கினாள், அவர் வெளியே உருண்டார். வண்டியை நிமிர்த்தி நிறுத்துவதற்காக அவள் காலை ஓரெட்டு மாற்றி வைத்தாள், அவ்வளவுதான். ஆணி பிடுங்கிய மரப்பெட்டியும் நான்கு சுவரும் மட்டுமே இருந்த அந்தப் பட்டறையில், தடுப்புக் கம்பி நெளியும் சத்தம் கேட்டது. கண்ணாடி நொறுங்கும் சத்தம் அடுத்த தெருவரை கேட்டதாகச் சொல்கிறார்கள். அவளைத் தூக்கியபோது உடம்பு ஈரமாக இருந்தது, உப்பு வாசம் அடித்தது. மெக்கானிக் அவளைப் பழக்கத்தில் முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். அவள் எடை முதல் தடவையாக அவருக்குத் தாங்கவில்லை.

மீட்டரில் எட்டு முழுதாக வந்து நின்றிருந்தது.

இறப்புச் சான்றிதழ் எழுத வந்தவர், களிம்பு எழுதிய அதே டாக்டர். காயங்களை நிதானமாகப் பார்த்தார், பாதங்களைத் திருப்பிப் பார்த்தார், அவை பன்னிரண்டு வருடம் நடக்காத பாதங்கள், குழந்தையின் பாதங்கள்போல் இருந்தன. காரணம் என்ற இடத்தில் சாலை விபத்து என்று எழுதினார். அடுத்து, எந்தச் சாலை என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைப் பார்த்தார்.

"சுரங்கப்பாதை தாண்டி மூணாவது வளைவு. கடல் தெரியற எடம்" என்றார் மெக்கானிக்.

டாக்டர் அதை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.