கைப்பிடிக் கயிறு

முதல் படியில் கால் வைத்த ஆம்புலன்ஸ் வண்டிக்காரர் மேலே ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் காலைக் கீழே எடுத்துக்கொண்டார். கூட வந்தவர் ஸ்ட்ரெச்சரைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"இதுலயா வயசானவரு ஏறி இறங்கிட்டிருந்தாரு?"

நாலு பேர் சும்மா நின்றால் பொறுக்காதவர் மாமா. அவர்தான் முந்திக்கொண்டார். "தைரியமா ஏறுங்க, யானை ஏறினாலும் அசையாது. எல்லாம் எங்க அக்கா மகன் கட்டினது. இந்தப் பக்கம் அந்தரப்படின்னா இவன்தான்."

அக்கா மகன் தரையைப் பார்த்தபடி நின்றான். ஊரே அவனைப் படிக்காரன் என்றுதான் கூப்பிடும். கீழே தூண் இல்லை, பக்கத்தில் தாங்கல் இல்லை. சுவருக்குள் ஆழப் பதித்த இரும்புக் கையின் மேல் ஒவ்வொரு சிமெண்ட் படியும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். வேறொரு நாளாக இருந்தால் மாமாவைப் பேசவே விட்டிருக்க மாட்டான். நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சாதாரண இரும்பு தாங்காது சார், அதனால வெல்டிங் எல்லாம் முடிச்சப்புறம் துத்தநாகத்துல முக்கி எடுத்திருக்கேன். போல்ட் எதுவும் துருப்பிடிக்காது. மழைத்தண்ணி நிக்காம வழிய, படி லேசா முன்பக்கம் சரிஞ்சிருக்கும். பாசி வழுக்காம இருக்க மேலே கோடு போட்டிருக்கேன். மத்தியான வெயில்ல வெறுங்காலோட ஏறிப் பாருங்க, சுடாது. இப்படி மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு, அந்தப் படியிலேயே நின்று இரண்டு குதி குதித்தும் காட்டுவான்.

உண்மையிலேயே நல்ல வேலைதான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. எத்தனையோ மழை பார்த்துவிட்டது, ஒரு பொட்டுத் துரு இல்லை. கைப்பிடி ஒன்றுதான் இல்லை.

கீழே இருந்த அறையை அவன் அலுவலகம் ஆக்கியபோது அப்பா கட்டிலோடு மாடிக்குப் போனார். அம்மாவுக்கு முட்டி வலி. சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் தங்கிவிட்டாள். அப்பா சாப்பாட்டுக்கும் காபிக்கும் இறங்கி வருவார். "ஒரு பக்கமாவது பிடிச்சுக்க ஏதாச்சும் வைடா," என்று பல தடவை கேட்டார். வைக்கிறேன்பா, வைக்கிறேன்பா என்று இவனும் பல தடவை சொன்னான். கைப்பிடி வைத்தால் அந்தரம் என்ற அழகே போய்விடும். வாடிக்கையாளர்கள் பார்க்க வருவது இந்தப் படியைத்தானே.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அப்பா ஒருநாள் நீல நைலான் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, மாடி ஜன்னல் கம்பியில் ஒரு முனையையும் கீழே மழைநீர்க் குழாயில் மறு முனையையும் இழுத்துக் கட்டினார். கை வழுக்காமல் இருக்க அங்கங்கே முடிச்சு வேறு.

"என்னப்பா இது, துணி காயப்போடுற கொடி மாதிரி? பார்க்க அசிங்கமா இருக்கு."

"உனக்குக் கொடி. எனக்கு உசுரு," என்று சிரித்தார் அப்பா.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது படி பார்க்க வந்தால் இவன் கயிற்றை அவிழ்ப்பான். அவர்கள் போனதும் கட்டிவிடுவான். நேற்று அப்பா சாப்பிட்டு மேலே படுக்கப் போனபிறகு, பொழுது சாயும் நேரத்தில் வந்த தம்பதி விதவிதமாகப் படம் எடுத்தார்கள். "காத்துல மிதக்குற மாதிரியே இருக்கு," என்றாள் அந்தப் பெண். அந்தப் புகழ்ச்சியோடு வண்டியை எடுத்தவன் நேராக வேறொரு வேலைக்குப் போனான், வீடு திரும்பியதும் படுத்துவிட்டான், காலையில் எழுந்து மறுபடி ஓடினான். கயிறு அவன் வண்டியின் பின்னால், சாமான் பெட்டிக்குள் கிடந்தது.

வேலையிடத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டுத் தையல்காரர் போன் செய்தார். அப்பா மேல்படியில் உட்கார்ந்தவாக்கில் சுவரில் சாய்ந்தபடி போய்விட்டாராம். தையல்காரரே கைகளை ஊன்றித் தவழ்ந்துதான் மேலே போயிருக்கிறார். "நோயில விழாம, யாருக்கும் தொந்தரவு குடுக்காம, உக்காந்த இடத்துலயே போயிட்டாரு. குடுத்து வச்ச மனுஷன்," என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் பாவம். கேட்கும் ஒவ்வொரு தடவையும் படிக்காரனுக்குக் காது சுட்டது.

வண்டிக்காரர் இன்னும் படியை விட்டு நகரவில்லை. "ஸ்ட்ரெச்சர் பட்டையைத் தோள்ல மாட்டிக்கிட்டா ஒரு கை சும்மா இருக்கும் சார். அந்தக் கைக்குப் பிடிமானம் வேணும். கயிறு ஏதாவது இருக்கா?"

"இருக்கு," என்றான் படிக்காரன்.

பெட்டியைத் திறந்தான். சுத்தியலுக்கும் அறுப்புத் தகடுகளுக்கும் மேலேயே கிடந்தது, நீலக் கயிறு. முடிச்சுகள் அப்பாவின் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன. அடியில் புதுக் கயிறு ஒன்று, வெள்ளையாக, பிரிக்காத சுருளாக இருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு நீலத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு வெள்ளையை எடுத்துக்கொண்டு வந்தான்.

படிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா அவன் கையைப் பார்த்தாள்.

"அது வேண்டாம்."

"ஏம்மா? புதுசும்மா, நல்லாத் தாங்கும்."

"அவரு கட்டினது எங்க இருக்கோ அத எடுத்துட்டு வா."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மாமா பேச்சை நிறுத்தினார், தையல்காரர் வேறு பக்கம் பார்த்தார். அவன் அசையாமல் நிற்பதைக் கண்டு, அம்மா அவன் சட்டை நுனியைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"காலையில காபிக்குக் கூப்பிட்டேன். மேல வந்து நின்னு, 'கயித்தக் காணோமே'ன்னாரு. மார் ஒரு மாதிரி இருக்குன்னும் சொன்னாரு. நான்தான்டா சொன்னேன், அப்படியே உக்காருங்க, அவன் வந்து கட்டிருவான்னு." அம்மா தன் முட்டியைத் தடவிக்கொண்டாள். "சரின்னு உக்காந்தாரு. காபியக் கூட என்னால மேல கொண்டுபோய்க் குடுக்க முடியல."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான், அறைந்திருந்தால்கூடத் தேவலை. பாதிப் பழியை அவள் தன் மடியில் எடுத்துக் கட்டிக்கொண்டதுதான் அவனைக் கொன்றது. இப்போதுகூட, இந்த நேரத்தில்கூட, வேறு கயிற்றைக் கொண்டுவந்து மறைக்கப் பார்த்தோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

திரும்பிப் போனான். எல்லோரும் பார்க்க நீலக் கயிற்றை எடுத்துவந்தான். மேலே ஏறி ஜன்னல் கம்பியில் கட்டினான். மேல்படியில் அப்பாவைப் போர்வையால் மூடியிருந்தார்கள். செருப்பு ஒன்று கால் பக்கம் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு இறங்கிவந்து, மறு முனையைக் குழாயில் இறுக்கினான்.

வண்டிக்காரர்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு கை கயிற்றில். ஒரு முடிச்சைப் பிடித்து, காலால் அடுத்த படியைத் தேடி, அடுத்த முடிச்சைப் பிடித்து, மெதுவாக வந்தார்கள். படி இம்மியும் அசையவில்லை.

"நான் சொல்லல?" என்றார் மாமா, தன்னை மறந்து.

ஆஸ்பத்திரியில் காட்டிச் சான்று வாங்கிவர அப்பாவை வண்டியில் ஏற்றியாயிற்று. மாமா இவன் காதோரம் குனிந்து, "மாப்ளே, கயித்த அவுத்துடவா? நாலு பேரு வந்து போற நேரம், வாசல்ல பார்க்க அசிங்கமா இருக்கு," என்றார்.

இவன் அப்பாவிடம் சொன்ன அதே வார்த்தை. தலையை மட்டும் ஆட்டினான், வேண்டாம் என்று. வண்டிக்குள் ஏறி அப்பாவின் கால் பக்கம் உட்கார்ந்தான்.

வண்டி நகரும்போது பின் கண்ணாடி வழியே பார்த்தான். அம்மா உள்ளே போய் வாளியை எடுத்து வந்திருந்தாள், காலையில் துவைத்துப் போட்டு மறந்த துணி. அப்பாவின் சட்டையை எடுத்துப் பிழிந்தாள். இரண்டு தடவை உதறினாள். எட்டிய உயரத்தில், இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே, அந்தக் கயிற்றில் காயப்போட்டாள்.