யாரும் கோபப்படாத வார்டு

சட்டசபையில் அவருக்கு 'ஃபயர் சர்வீஸ்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், டாக்டரம்மா என்பார்கள். எங்கே ஜனம் கொதித்தாலும் கட்சி அவரைத்தான் அனுப்பும், அவர் போய் உட்கார்ந்தால் கொதிப்பு அடங்கிவிடும். அப்படி வந்த பெயர் அது. அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஆரம்பத்தில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிப் பொய்யாகிவிடும்.

அரசியலுக்கு வருமுன் அவர் வலி தணிப்பு மருத்துவர். இனி குணமாகாது என்று மற்ற டாக்டர்கள் கைவிரித்தவர்களைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அரசு மருத்துவமனையின் பின்பக்கம் பயன்படாமல் கிடந்த சலவைக் கூடத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, சுண்ணாம்பு அடித்து, பத்துக் கட்டில் போட்டு ஒரு வார்டு ஆரம்பித்தார். கட்டில் வந்ததே தவிர வலியை அடக்கும் மார்ஃபின் மாத்திரை வரவில்லை. அதைத் தரச் சட்டம் ஆயிரம் முட்டுக்கட்டை போட்டது. நோயாளிகள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, இவர் மந்திரியின் அறைக்கு வெளியே பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அங்கேதான் ஒரு கட்சிக்காரர், வெளியே உட்கார்ந்து கேட்பதைவிட உள்ளே வந்து கேட்கலாமே என்றார். தேர்தலில் நின்றார். அந்த வார்டில் யாரையாவது பறிகொடுத்த குடும்பங்களெல்லாம் செருப்புத் தேய வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டன. ஜெயித்தார், ஆனாலும் சபை இல்லாத நாட்களில் வார்டுக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பதை விடவில்லை. முதல் வருடமே மார்ஃபின் சட்டத்தைத் தளர்த்தியும் காட்டினார். அந்த ஒரு காரியத்துக்கு அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

கட்சியில் ஒரு கொறடா இருந்தார். சபையில் யார் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று மேய்ப்பது அவர் பொறுப்பு. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இவரை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கணக்குப் போடும் மனிதர். ஒரு காய்கறிச் சந்தையை இடம் மாற்ற வேண்டி வந்தபோது கடைக்காரர்கள் அதிகாரிகளை உள்ளேயே விடவில்லை. கொறடா டாக்டரை அனுப்பினார். டாக்டர் மேடை கேட்கவில்லை, மைக் கேட்கவில்லை. ஒரு தக்காளிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அவர்களைவிடத் தாழ்வாக உட்கார்ந்தார். கைபேசியை எல்லோரும் பார்க்க அணைத்தார். இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், முதலில் நீங்கள் சொல்லுங்கள் என்றார். அவர்கள் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டார். பிறகு, நான் சொல்லப்போவது கஷ்டமாக இருக்கும் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவிட்டு, விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அந்த மௌனத்தில் ஒரு கடைக்காரர் அழுதார். கிளம்பும்போது அவரே டாக்டரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

சாகப்போகிறவரிடம் அதைச் சொல்வதற்கென்று வருடக்கணக்காகப் பழகிய முறை அது. சந்தைக்கும் அது பலித்தது. பிறகு பஸ் டிப்போவை மூடினார்கள், ஒரு பள்ளிக்கூடத்தை இன்னொன்றோடு சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் டாக்டர் போனார், ஒவ்வொரு முறையும் நன்றி வாங்கிக்கொண்டு வந்தார். அந்த நன்றி மட்டும் முள்ளாகக் குத்தியது. வீட்டில் கணவர் வேறு, கணக்கு வாத்தியார், வாய் சும்மா இருக்காது. "உன்கூட ஒழுங்கா ஒரு சண்டை போட்டு எத்தனை வருஷமாச்சு? நான் கத்த ஆரம்பிச்சாலே தலையைச் சாச்சு என் வலியைக் கேக்க ஆரம்பிச்சுடுற" என்பார். டாக்டர் சிரித்து மழுப்புவார்.

இந்த முறை கொறடா கொண்டு வந்தது அவருடைய வார்டையே.

செலவைக் குறைக்க வேண்டுமாம். பத்துக் கட்டிலையும் தலைநகரத்துப் பெரிய மருத்துவமனையோடு சேர்த்துவிடுவார்களாம். டாக்டர் எதிர்த்துப் பேசினார், இல்லையென்று சொல்ல முடியாது. அவ்வளவு தூரம் நோயாளி போனால் குடும்பம் எப்படிக் கூடவே இருக்கும் என்று கேட்டார். கொறடா மறுக்கவில்லை. இதை விட்டுக்கொடுத்தால், நர்ஸ்கள் வீடு தேடிப் போய் மருந்து கொடுக்கும் திட்டத்தை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். டாக்டர் யோசித்தார். எந்த நோய்க்கு மேற்கொண்டு போராடலாம், எதற்குப் போராட்டத்தை நிறுத்த வேண்டும் என்று முடிவெடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இதற்கும் அப்படியே முடிவெடுத்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வார்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார்.

மதியம் போனார். பெரிய சிஸ்டர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். நடக்க முடிந்த நோயாளிகள், கூட இருக்கும் உறவுக்காரர்கள், நர்ஸ்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் கூடினார்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் மனைவி அரைத் தூக்கத்தில் கிடந்தார். தபால்காரர் ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டே காது கொடுத்தார். டாக்டர் தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்தார். எல்லாம் வழக்கப்படி நடந்தது. சிஸ்டர் அழுதார். தபால்காரர் மட்டும், எங்களை எப்போது மாற்றுவார்கள் என்று கேட்டார். அடுத்த மாதம் என்றார் டாக்டர். தபால்காரர் தன் மனைவியைப் பார்த்தார், அப்படியென்றால் எங்களுக்குத் தேவைப்படாது என்று மெதுவாகச் சொன்னார். டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். அவரும் நன்றி சொன்னார்.

வெளியே வராந்தாவில் ஒரு பெண் வழிமறித்தார். வங்கி மேலாளர். சில வருடங்களுக்கு முன் அவருடைய அம்மா இந்த வார்டில்தான் இறந்துபோனார். அன்றிலிருந்து விடுமுறை நாட்களில் வந்து, கண் தெரியாத நோயாளிகளுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார்.

"எங்க அம்மாவைப் பத்தி என்கிட்ட எப்படிச் சொன்னீங்களோ, அச்சு அசல் அப்படியே சொன்னீங்க டாக்டர்," என்றார்.

டாக்டர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

"எங்க பேங்க்லயும் லோன் கிடையாதுன்னு சொல்றதுக்கு டிரெய்னிங் தருவாங்க. உங்க அளவுக்கு யாருக்கும் வராது. ஒன்னே ஒன்னு கேக்குறேன். இதுக்கு ஓட்டெடுப்பு எப்ப முடிஞ்சது?"

"இன்னும் நடக்கல. நாளைக்கு."

"அப்ப இன்னும் உயிரோட இருக்குற வார்டுக்கு எதுக்கு இன்னிக்கே வந்து ஆறுதல் சொன்னீங்க?"

டாக்டர் வார்டின் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மாவுக்கு வந்தது புத்துநோய். அதை யாரும் கைதூக்கிக் கொண்டு வரல. இதைக் கொண்டு வரப்போறது நீங்க நாலு பேர். ரெண்டுக்கும் ஒரே முகத்தை வெச்சிருக்கீங்களே." அவர் குரலை உயர்த்தவேயில்லை. படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

 டாக்டருக்குச் சந்தையில் அழுத கடைக்காரர் நினைவுக்கு வந்தார். அன்றைக்கும் உத்தரவு கையெழுத்தாகியிருக்கவில்லை. டிப்போவிலும் அப்படித்தான், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். கத்தினால் நின்றிருக்கக்கூடிய காரியங்கள். கத்தவேண்டிய நேரம் பார்த்து இவர் போய் உட்கார்ந்து அவர்கள் மூச்சைச் சீராக்கிவிட்டு வந்திருக்கிறார். வெட்கம் உடம்பெல்லாம் சுட்டது. சாவு வீட்டில் பேசவேண்டிய பேச்சை, பிழைக்கக்கூடியவர்களிடம் பேசி அவர்களைப் படுக்க வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது உண்மைதான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அங்கேயே நின்று கொறடாவுக்குப் போன் போட்டார். நாளைக்கு எதிர்த்து ஓட்டுப் போடப்போகிறேன் என்றார்.

கொறடாவுக்குக் கோபமே வரவில்லை. "தாராளமாப் போடுங்க டாக்டரம்மா, பதவியைப் பறிக்கச் சொல்ல மாட்டேன். உங்க ஒரு ஓட்டால கணக்கு மாறாது. அந்த ஊர்க்காரங்க தெருவுக்கு வந்துட்டா மட்டும்தான் தலைவர் தள்ளிப்போடுவார், அது ஒன்னுதான் எனக்குப் பயம். நீங்கதான் போய்ட்டு வந்துட்டீங்களே. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு பத்திரிகைக்குச் சொல்லியாச்சு."

டாக்டர் திரும்பி வார்டுக்குள் ஓடினார். அவர் ஓடியதை நர்ஸ்கள் அதுவரை பார்த்ததே இல்லை. யாருக்கோ மூச்சு நின்றுவிட்டது என்று நினைத்து ஒருத்தி ஆக்ஸிஜன் உருளையைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

இந்த முறை உட்காரவில்லை. வார்டின் நடுவில் நின்றபடி பேசினார். நான் சொன்னதை மறந்துவிடுங்கள் என்றார். ஓட்டெடுப்பு நாளைக்குத்தான், இன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்து சத்தம் போட்டால் நின்றுவிடும், நானும் உட்காருகிறேன் என்றார். குரல் எங்கோ ஏறி எங்கோ உடைந்தது. ஜனங்களைச் சமாதானப்படுத்தத் தெரிந்த அளவுக்குக் கிளப்பிவிடத் தெரியவில்லை அவருக்கு. பெரிய சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலெல்லாம் எடுத்துப் போகுமுன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"சிஸ்டர், நான் சொல்றது புரியுதா? ஏத்துக்காதீங்க. திட்டுங்க. என்னையாவது திட்டுங்க."

யாரும் திட்டவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கம். தபால்காரர் ஈரத்துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"விடுங்க டாக்டர். முடிஞ்சிருந்தா நீங்க செய்யாம இருப்பீங்களா?"

"முடியும். நீங்க கத்துனா முடியும்."

"இவளுக்கு வந்தப்ப நானும் முதல்ல இப்படித்தான் துடிச்சேன். அந்த டாக்டர், இந்த ஊசி, இன்னொரு ஆபரேஷன்னு அலைஞ்சேன். நீங்கதானே பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்தீங்க, ஏத்துக்கிட்டா மனசு லேசாகும்னு. லேசாத்தான் ஆச்சு." அவர் டாக்டரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டார். "உங்களுக்கும் ஆகும். கொஞ்ச நாள் போகட்டும்."

டாக்டர் அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், வார்டு முழுக்கப் பொறுமையாகக் காத்திருந்தது.