காராமணி தின்னி

நைஜர் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் செகூ ஊரின் சுகாதார நிலையத்தில் என் விரலைக் குத்தி ரத்தம் பார்த்த நர்ஸ் குலிபாலி குலத்துக்காரி. நான் கெய்த்தா. வினை அங்கேதான் தொடங்கியது.

கெய்த்தாவும் குலிபாலியும் பார்த்துக்கொண்டால் வைதுகொள்ள வேண்டும். பாட்டன் காலத்து முறை. கோபித்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. வசவுகளிலேயே பெரிய வசவு 'காராமணி தின்னி'. காராமணி தின்ற வயிறு என்ன சத்தம் போடும் என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். என் அப்பா செத்துக் கிடந்தபோதுகூட ஒரு குலிபாலிக் கிழவர் வந்து, காராமணி வெந்துவிட்டது, நடிக்காமல் எழுந்து வா என்று பிணத்தை அதட்டினார். அழுதுகொண்டிருந்த நாங்கள் சிரித்துவிட்டோம்.

இந்த நர்ஸ் அசேத்து குலிபாலி மீட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "யோவ் கெய்த்தா, சர்க்கரை ஏறிக் கெடக்கு. சோத்தைப் பாதியாக் கொறை. டீயில சர்க்கரை போடாத. சோத்துக்குப் பதிலா காராமணி தின்னு."

வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் தொடையைத் தட்டிச் சிரித்தேன். வைத்தியம் என்ற பேரில் ஒரு கெய்த்தாவைக் காராமணி தின்ன வைக்கப் பார்க்கிறாள், கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன். சட்டை தைத்துப் பிழைத்தாலும், கெய்த்தாக்கள் அந்தக் காலத்துப் பேரரசன் வம்சம் என்ற நினைப்புக்கு என்னிடம் குறைச்சல் இல்லை. சாயங்காலம் டீ அடுப்பைச் சுற்றி உட்கார்ந்த கூட்டாளிகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அந்தக் குஷியில் மூன்றாம் சுற்று டீக்கு இன்னொரு கை சர்க்கரை போடச் சொன்னதும் நான்தான். வீட்டில் என் மனைவி சித்தான் நிஜமாகவே காராமணி வேகவைத்தாள். அவளையும் குலிபாலிகள் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று சொல்லி, நிலக்கடலைக் குழம்பை ஊற்றிக்கொண்டு மலை மாதிரி சோறு தின்றேன். புத்தி இருக்க வேண்டிய இடத்திலும் சோறுதான் இருந்திருக்கிறது.

மழைக்காலம் முடிந்தபோது வலது கால் பெருவிரலில் புண். தையல் மிஷின் மிதிக்கும் கால். செருப்பில் சீழைப் பார்த்து சித்தான் கத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது. வலிக்கவில்லையே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். நான் நினைத்தது எது சரியாக இருந்திருக்கிறது?

சுகாதார நிலைய வாசலிலேயே ஆரம்பித்தேன். "ஏ காராமணி தின்னி, உங்க ராஜா வந்திருக்கேன், பாய் விரி."

அசேத்து குனிந்து புண்ணைப் பார்த்தாள். சுற்றிலும் அழுத்தி, தொடுவது தெரிகிறதா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

"அண்ணே, உக்காருங்க," என்றாள். "சாப்பாட்டை மாத்தலேன்னா இந்த விரலை எடுக்க வேண்டி வரும். அப்புறம் காலு. மிஷினை எதால மிதிப்பீங்க?"

ஒரு குலிபாலி என்னை அண்ணே என்கிறாள். பிணத்துக்குக் கிடைத்த வசவுகூட எனக்குக் கிடைக்கவில்லை. என் நிலைமை அவ்வளவு மோசமா என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து மாத்திரையை விடாமல் விழுங்கினேன். சித்தான் என் பங்குச் சோற்றை ஒரு கைப்பிடிக்குள் அடக்கினாள். மற்ற இடமெல்லாம் கீரை, வெண்டைக்காய், மீன், காராமணி. கதவைச் சாத்திக்கொண்டுதான் தின்றேன். வயிறு சும்மா இருக்குமா, தெரு முழுக்கச் சொல்லிவிட்டது. கூட்டாளிகள் நடுவில் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்து முகம் கோணி உட்கார்ந்திருந்தேன்.

கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் அசேத்து மரியாதையாகவே பேசினாள். அவள் மரியாதை கூடக் கூட விரல் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். ராத்தூக்கத்தில் ஒற்றைக்காலால் மிஷின் மிதித்தேன்.

ஒரு நாள் கட்டைப் பிரித்து வெகுநேரம் பார்த்தாள். புதுத்தோல் மூடியிருந்தது. விரலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வரிசையின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் வந்து பாருங்க. பேரரசன் பேரன், காராமணி தின்னு தின்னு தெருவையே நாறடிச்சுட்டு வந்து நிக்கிறான். போடா, போய் நாளைக்கும் தின்னு."

நிலையமே சிரித்தது. என்னை யாரும் அவ்வளவு கேவலமாகப் பேசியதில்லை. இரண்டு காலையும் ஊன்றி நின்று அழுதேன்.