நோவுள்ள இடுப்பில் குடம்

ராக்கம்மாளுக்கு வலி இடது சப்பையில். இடுப்புக்குக் கீழே, தொடை புறப்படும் இடத்தில், வெளிப்பக்கமாக. விரல் வைத்துக் காட்டலாம். அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. படி ஏறினால் பிடுங்கும். நடந்தால் முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச தூரம் போனதும் பல்வலி மாதிரி ஆரம்பிக்கும்.

போன தை மாதம் ஏலத்தோட்டத்திலிருந்து அவளைத் தூளி கட்டித்தான் இறக்கினார்கள். கோம்பை ஊரே அடிவாரத்தில் நின்று பார்த்தது. அப்படி இறக்குவது பிணத்தையும் பிள்ளைத்தாய்ச்சியையும்தான்.

மறுநாளே கங்காணி ஒச்சாண்டி வந்தான். காய் பறிக்கும் பெண்களை மலைக்குக் கூட்டிப்போகிறவன். அந்தப் பெண்களுக்கு முன்னால் நிற்பவள் ராக்கம்மாள். எந்தச் சரிவில் காய் முற்றியிருக்கிறது என்று அவள்தான் சொல்வாள்.

"ஆவணியில உன் காலால ஏறி வந்தா நீதான்க்கா. இல்லேன்னா பிச்சையம்மாள முன்னால விடுறேன்."

"ஏலே, அவ பிஞ்சையும் சேத்து உருவிருவாளே."

"என்ன பண்ண? அவளுக்குக் கால் இருக்கே."

கீழே ஊரில் ராக்கம்மாள் மகன் வீட்டில் இருக்கும் ஒரு விதவை. மலையில்தான் அவள் சொல்லுக்கு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் உள்ளூர் வைத்தியன் தவசி சூடு போட்டான். பழுக்கக் காய்ச்சிய கம்பி. புண் எரிந்தவரை பழைய வலி தெரியவில்லை. புண் ஆறியது. வலி அங்கேயே இருந்தது.

பிறகு குமுளி வைத்தியர். சந்தை நாளில் கம்பத்துக்கு இறங்கி வருவார். இலைகளை எண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, சூட்டோடு சப்பையில் ஒற்றினார். ஒரு புட்டித் தைலமும் கொடுத்தார். அன்றிரவு ராக்கம்மாள் நன்றாகத் தூங்கினாள். காலையில் தண்ணீர் எடுத்து வந்தாள். கூடவே வலியும் வந்தது.

அப்புறம் உத்தமபாளையம். உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது. கரிப்புகையில் ஓடும் பஸ் மேட்டில் நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். டாக்டர் சுந்தர்ராஜ் சின்ன வயசுக்காரர். சொந்தமாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தார். மாத்திரை கொடுத்தார். படுத்தே இருக்கச் சொன்னார். படுத்தே இருந்தாள். வலி போய்விட்டது. எழுந்து அடிவாரக் கோயில் வரை நடந்தாள். வலியும் நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டு எழுந்து வந்தது. படுத்ததில் தொடை மெலிந்ததுதான் மிச்சம்.

ஒவ்வொன்றையும் அவள் ஒரே மாதிரிதான் சோதித்தாள். கிணற்றடியில் இடது காலில் மட்டும் நின்று வலது காலைக் கழுவ வேண்டும். பிடிமானம் இல்லாமல் கழுவி முடித்தால் மருந்து பலித்தது. ஒன்றும் பலிக்கவில்லை.

மூவரும் ஒத்துப்போனது ஒரே ஒரு விஷயத்தில். நோவுள்ள பக்கம் குடம் வைக்காதே. ஊரும் அதையே சொன்னது. தை மாதத்திலிருந்து அவள் குடத்தை வலது இடுப்புக்கு மாற்றியிருந்தாள்.

மாசியில் சம்பந்தி கஸ்தூரியம்மாளுக்கு அதே வலி வந்தது. அதே இடது சப்பை. கஸ்தூரியின் மகள் ஞானசெல்விதான் ராக்கம்மாளின் மருமகள். கேள்விப்பட்டதும் ராக்கம்மாள் வாய்விட்டு இரக்கப்பட்டாள். உள்ளே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சித்திரையில் கஸ்தூரி நொண்டாமல் நடந்தாள். அதுதான் தாங்கவில்லை.

"என்ன மதினி, சிட்டாட்டம் நடக்கிறீக. எந்தத் தைலம்?" கிணற்றடியில் ராக்கம்மாள் கேட்டாள்.

"உங்களுக்குக் குடுத்த அதே தைலந்தான் மதினி. நம்பித் தேய்க்கணும்."

"நம்பாமயா இந்த நாத்தத்தைத் தேச்சுக்கிட்டுக் கிடக்கேன்?"

"உங்களுக்கு வலி மேல பாசம். விட மாட்டேங்கிறீக."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். கஸ்தூரி குடத்தைத் தூக்கி இடது இடுப்பில் வைத்தாள். அவளுக்கு வேறு வழியில்லை. சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து வலது முழங்கை ஒடிந்தது. கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கையால் குடத்தை அணைக்க முடியாது. நோவிலேயே பாரம் வைக்கிறாளே என்று மாசியெல்லாம் கிணற்றடி அவளுக்காகப் பரிதாபப்பட்டது.

ராக்கம்மாள் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் குடத்தை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வாய்க்கால் பாலத்தில் இடது சப்பை பிடுங்கியது. குடத்தை இறக்கினாள். யாரும் பார்க்கவில்லை. இடது இடுப்பில் தூக்கி வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி.

பல்லைக் கடிக்கத் தேவையில்லாமல் போனது.

வீட்டுக்கு வந்து தண்ணீரை வாழைக்கு ஊற்றினாள். மறுபடி கிணற்றுக்குப் போனாள். இந்த முறை வலது இடுப்பு. வலித்தது. அதையும் வாழைக்கு ஊற்றினாள். அடுத்தது இடது. வலி குறைவு.

ஞானசெல்வி வாசலுக்கு வந்துவிட்டாள். "என்ன அத்தை இது? குடிக்கத் தண்ணியில்ல. வாழை மிதக்குது!"

"உங்காத்தா கள்ளி. தைலமாம்."

"எங்காத்தாள ஏன் இழுக்கிறீக?"

"திட்டலடி. தெரியாமயே பொழச்சுக்கிட்டா."

குடம் தூக்குவது வேறு, மலை ஏறுவது வேறு. அது அவளுக்குத் தெரியும். மறுவாரம் மறுபடி கரி பஸ் ஏறினாள்.

டாக்டர் முதலில் நம்பவில்லை. "அப்படி இருக்காதும்மா. தற்செயலா இருக்கும்."

"மூணு நடை போய் வந்தேன் டாக்டரய்யா. வாழையக் கேளுங்க."

அவர் சிரித்தார். வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அதை வலது கையில் பிடித்துக்கொண்டு அறையில் நடந்தார். இடது கைக்கு மாற்றி நடந்தார். நின்று, தன் இடது சப்பையை அழுத்திப் பார்த்தார். மறுபடி கை மாற்றினார். கம்பவுண்டர் கதவருகே வந்து பார்த்துவிட்டுப் போனார். தரையெல்லாம் தண்ணீர்.

"உங்க இடது சப்பைல கைய வச்சுக்குங்க. வலது கால லேசா தூக்குங்க. என்ன தெரியுது?"

"கல்லாட்டம் இறுகுது."

"இடது கால்ல நிக்கிறப்ப உடம்பு வலது பக்கமா விழாம அந்தத் தசைதான் இழுத்துப் பிடிக்குது. கொட்டகைக்குக் கட்டின இழுகயிறு மாதிரி. வலது இடுப்புல குடத்தையும் வச்சா இன்னும் பலமா இழுக்கணும்."

"அப்ப நல்ல பக்கம் வச்ச பாரத்தை நோவுள்ள பக்கந்தானா சுமந்துச்சு?"

"ஆமா. மாத்தி வைக்கச் சொன்னதுல நானும் ஒருத்தன்." டாக்டர் துண்டால் கையைத் துடைத்தார். "அந்தத் தசைநார் அறுந்து போகலம்மா. நைஞ்சிருக்கு. மிஞ்சி இழுத்தா இன்னும் நையும். சும்மா போட்டா சோந்து போகும். அதுக்குத் தகுந்த வேலைய குடுத்துத்தான் தேத்தணும்."

குடத்தைத் தலைக்கு மாற்றச் சொன்னார். அது இரண்டு இடுப்பையும்விட நல்லது. ஒரு காலில் பாரம் போட்டு இடுப்பை ஒடித்து நிற்கக் கூடாது. வலது பக்கம் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்ள வேண்டும். சுவரைத் தொட்டுக்கொண்டு இடது காலில் நின்று பழக வேண்டும். மலையை ஒரேயடியாக ஏறாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

"வலிச்சா?"

"கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலைல கூடியிருந்தா, முந்தின நாள் அதிகம்னு அர்த்தம். குறைச்சுக்குங்க. ஆனா படுத்துராதீங்க."

"தைலம்?"

"சுகமா இருந்தா தேய்ங்க. தேய்ச்சா போதும்னு ஒத்தக் கால்ல நிக்கிற பழக்கத்த விட்றாதீங்க."

"கம்பு ஊனலாமா? இடது கைல?"

டாக்டர் யோசித்தார். அவள் கையிலிருந்த குடையை வாங்கி இரண்டு பக்கமும் ஊன்றி நடந்து பார்த்தார். "வலது கைல," என்றார். "குடத்துக்கு நேர் எதிர்."

வைகாசியில் கோயில் வரை. பிறகு அதற்கு மேலே முதல் வளைவு வரை. ஆனியில் ஒரு தப்புச் செய்தாள். பிச்சையம்மாள் விறகுக் கட்டோடு அவளைத் தாண்டிப் போனாள். ராக்கம்மாள் அவள் பின்னாலேயே இரண்டாம் வளைவு வரை ஏறிவிட்டாள். அந்த வாரம் முழுக்க நொண்டினாள். தவசி கம்பியோடு வந்து நின்றான்.

"போய் இட்லி வேக வைடா அந்த நெருப்புல," என்று விரட்டினாள்.

படுக்கவில்லை. கோயில் வரை போனாள். திரும்பினாள்.

ஆவணி பிறந்தது. பெண்கள் மூட்டையோடு அடிவாரத்தில் கூடினார்கள். கஸ்தூரியம்மாளும் வந்திருந்தாள், ஒரு தைலப் புட்டியோடு.

"வச்சுக்கங்க மதினி. இதுதான் உங்கள ஏத்தப் போகுது."

"குடுங்க. விளக்குக்கு ஆகும்." வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

ராக்கம்மாள் கடைசியாக ஏறினாள். தலையில் மூட்டை, வலது கையில் கம்பு. இரண்டாம் வளைவு போனது. அதற்கு மேல் பாதை செங்குத்து. சப்பையில் வலி எழுந்தது. நின்றாள். இரண்டு காலிலும் சமமாக நின்றாள். அடங்கியது. ஏறினாள். மேட்டில் ஒச்சாண்டி காத்திருந்தான். பக்கத்தில் பிச்சையம்மாள். இருவரும் அவள் காலையே பார்த்தார்கள். தூளி பற்றி யாரும் பேசவில்லை.

சாயங்காலம் தோட்டத்துக் கொட்டகையில் கால் நீட்டியபோது சப்பை நன்றாகவே வலித்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. காலையில் தெரிந்துவிடும்.

காலையில் மழை பெய்துகொண்டிருந்தது. படுத்தபடியே விரல் வைத்து அழுத்திப் பார்த்தாள். வலி இருந்தது. கூடவில்லை. பாதிதான் இருந்தது.

கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கோணித் துணியைத் தலையில் போட்டபடி பெண்கள் நின்றிருந்தார்கள்.

"எங்கன இருந்து ஆரம்பிக்க?" பிச்சையம்மாள் ஒச்சாண்டியைக் கேட்டாள்.

ஒச்சாண்டி ராக்கம்மாளைப் பார்த்தான். "நீ சொல்லுக்கா."

அவள் சரிவுகளைப் பார்த்தாள். மேலே காய் இன்னும் பச்சை. கீழே ஓடையோரம் செடிகளின் அடியில் காய் முற்றி வெளுத்திருந்தது.

"ஓடைப் பக்கம்," என்றாள்.

பெண்கள் ஓடைப் பக்கம் இறங்கினார்கள்.